மூன்று சொற்களும் ஒரு மகனும்



திங்கள்தோறும் ஓர் ஆங்கிலச் சொல்லையோ சொற்றொடரையோ எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் வழக்கையும் இப்பகுதியில் ஆராய்ந்து வருகிறோம். வழக்கமாகச் சொல்லைத் தேடி நாம் அகராதியிடம் செல்வோம். இம்முறை சொல்லே நம்மைத் தேடி வந்தது. ஒரு மாணவனின் சட்டைப் பையில், நான்காக மடித்த தாளில், காவிரிப் பாலத்தைக் கடந்து வந்தது.

கடந்த ஆண்டு ஆனித் திங்களில் ஒரு மாலை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். இரு இளைஞர்கள் வந்து நின்றனர். ஒருவன் நம் பங்கைச் சேர்ந்தவன். பொன்மலைப் பணிமனையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் மூத்த மகன். சிறுவயதில் பீடச் சிறுவனாக நமக்கு உதவியவன். மற்றவன் திருவரங்கத்தைச் சேர்ந்த அவனுடைய பள்ளித் தோழன். நெற்றியில் திருமண் இட்டிருந்தான்.

"தோத்திரம் சாமி" என்றான் நம்மவன். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. தோழனே பேசினான்.

"ஃபாதர், ரெண்டு நாளா இவன் எங்காத்துலதான் இருக்கான். பாட்டி முதல் நாளே இவன் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா. இன்னிக்கு, 'இவனை அவா கோயில் ஃபாதர்கிட்ட அழைச்சுண்டு போடா, அவர் சொன்னாக் கேப்பான்'னு சொல்லி அனுப்பினா."

நடந்தது இதுதான். மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு வெளியாகியிருந்தது. அரசுக் கல்லூரியில் இடம் பெறத் தேவையான மதிப்பெண்ணை அவன் எட்டவில்லை. முந்தைய ஆண்டும் எட்டவில்லை. இது இரண்டாம் முயற்சி. முடிவைப் பார்த்தவுடன் கைப்பேசியை அணைத்துவிட்டு, வீட்டிற்குச் செல்லத் துணிவின்றித் தோழன் வீட்டில் தங்கிவிட்டான்.

"என்ன செய்யலாம், சொல்லு தம்பி" என்றோம். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். தந்தைக்கு எழுதிய கடிதம். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

"கிராமர் மட்டும் சரிபார்த்துக் கொடுங்க சாமி."

"உன் அப்பாவுக்கு ஏன் இங்கிலீஷில் எழுதினாய்?"

சற்று நேரம் தரையைப் பார்த்தான். "தமிழ்ல எழுதினா அழுகை வருது சாமி" என்றான்.

ஏழே வரிகள். மூன்றாவது வரியில்தான் இத்திங்களுக்குரிய சொற்றொடர் இருந்தது. 'ஐ குட் நாட் லிவ் அப்டு யுவர் எக்ஸ்பெக்டேஷன்' என்று எழுதியிருந்தான். அவன் கேட்டதை முதலில் செய்துவிடுவோம் என்று பேனாவை எடுத்தோம். வாசகர்களும் அந்த இலக்கணத்தை முதலில் அறிந்துகொள்ளட்டும்.

'லிவ்' என்றால் வாழ்தல். 'அப்' என்றால் மேலே. 'டு' என்பது இலக்கைக் காட்டும் சொல். மூன்றும் சேரும்போது, 'குறித்த ஓர் உயரத்திற்கு ஏற்ப வாழ்தல்' என்ற பொருள் பிறக்கிறது. இவ்வாறு ஒரு வினையோடு சிறு சொற்கள் சேர்ந்து, தனித்தனியே நின்றபோது இல்லாத பொருளைத் தருமானால், ஆங்கில இலக்கணத்தார் அதனை 'ஃப்ரேசல் வெர்ப்' என்பர். நம் மொழியிலும் 'கை' வேறு, 'விடு' வேறு. 'கைவிடு' என்று சேர்ந்தால் இரண்டிலும் இல்லாத ஒரு துயரம் அதனுள் வந்துவிடுகிறது அன்றோ? அதுபோலவே இதுவும்.

மாணவன் செய்த பிழைகள் இரண்டு. முதலாவது, 'அப்டு' என்று ஒரே சொல்லாக எழுதியது. நம் நாட்டு அறிவிப்புப் பலகைகளிலும் விண்ணப்பங்களிலும் இவ்வாறு எழுதுவது மிகுதி. ஆயினும் 'அப்', 'டு' ஆகிய இரண்டையும் பிரித்தே எழுதவேண்டும். இரண்டாவது, 'எக்ஸ்பெக்டேஷன்' என்று ஒருமையில் எழுதியது. எதிர்பார்ப்பைக் குறிக்கும்போது இத்தொடரின்பின் 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று பன்மையில் வருவதே வழக்கு. மேலும், மூன்று சொற்களுக்கும் இடையில் வேறு சொல்லை நுழைக்கலாகாது. எதிர்பார்ப்பைக் குறிக்கும் சொல் 'டு' என்பதற்குப் பின்னரே வரவேண்டும். இறந்தகாலத்தில் 'லிவ்ட் அப் டு' ஆகும். மனிதர்க்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் இதனைச் சொல்லலாம். பெரிதாக விளம்பரப்படுத்திய திரைப்படம் ஏமாற்றிவிட்டால், 'இட் டிட் நாட் லிவ் அப் டு இட்ஸ் நேம்' எனலாம். பெயருக்கேற்றதாக அமையவில்லை என்பது பொருள்.

பிழைகளைத் திருத்திக் கொடுத்தோம். தாளை வாங்கி மடிக்கப்போனவனை நிறுத்தி, "இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் எழுது, பார்ப்போம்" என்றோம். தயங்கித் தயங்கி எழுதினான்: 'உங்கள் எதிர்பார்ப்பை என்னால் நிறைவேற்ற முடியவில்லை.'

"சரி. இதில் 'லிவ்' எங்கே?"

அவன் விழித்தான். தோழன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்டா, 'வாழ்றது' விட்டுப்போச்சு" என்றான்.

குடும்பத்தாரே, இங்கேதான் கருத்தூன்றிப் பார்க்கவேண்டும். எதிர்பார்ப்பை நிறைவேற்றுதல் என்பதற்கு ஆங்கிலத்தில் 'மீட்' என்ற சொல்லும் உண்டு. 'மீட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 'லிவ் அப் டு எக்ஸ்பெக்டேஷன்ஸ்' ஆகிய இரண்டையும் அகராதிகள் ஏறத்தாழ ஒரே பொருளில்தான் தருகின்றன. ஆயினும் இவை வேறு எச்சொற்களோடு உறவாடுகின்றன என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். ஒரு காலக்கெடுவை 'மீட்' செய்யலாம். ஓர் இலக்கை, ஒரு நிபந்தனையை, ஒரு செலவைக்கூட 'மீட்' செய்யலாம். காலக்கெடுவிற்கு 'லிவ் அப் டு' என்று எவரும் சொல்வதில்லை. அதுபோல, ஒரு நற்பெயருக்கு, கொண்ட கொள்கைக்கு, பெற்றோர் வைத்த நம்பிக்கைக்கு 'லிவ் அப் டு' செய்யலாம். நற்பெயரை 'மீட்' செய்வதாக எவரும் சொல்வதில்லை. அளந்து, கணக்கிட்டு, ஒரு நாளில் முடிந்துபோவது முன்னது; வாழ்நாள் முழுவதும் நடந்துகொண்டே இருப்பது பின்னது.

நம் தமிழ் இதனை இன்னும் அழகாகச் சொல்கிறது. 'பெயரைக் காப்பாற்று', 'சொன்ன சொல்லைக் காப்பாற்று', 'நம்பிக்கைக்குப் பாத்திரமாக நட' என்றுதான் நம் பாட்டிமார் சொல்வர். ஆங்கிலேயனுக்கு எதிர்பார்ப்பு ஏறவேண்டிய உயரமாகத் தெரிகிறது. நமக்கோ அது கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளாகத் தெரிகிறது. ஏறுவதாயினும் காப்பதாயினும் ஒரு நாள் வேலையன்று.

"தம்பி, நீ எட்டாமல் போனது ஒரு மதிப்பெண்ணை. அது 'மீட்' கணக்கு. உன் அப்பாவின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நீ வாழவில்லை என்று எழுத, நீ இன்னும் வாழ்ந்தே முடிக்கவில்லையே" என்றோம்.

இலக்கணம் சொன்ன பெருமிதத்தோடு இதைச் சொன்னோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவன் முகம் தெளியவில்லை. "அம்மா சங்கிலி அடகுல இருக்கு சாமி" என்றான். "கோச்சிங்குக்காக வெச்சது. ரெண்டு வருஷமா அம்மா வெறுங்கழுத்தோட கோயிலுக்கு வர்றாங்க."

அதற்கு நம்மிடம் இலக்கணம் இல்லை. ஆனால், இதே திருச்சிராப்பள்ளியில் பயின்ற ஒரு மாணவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னோம்.

1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று, 1883-இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியை அறியாதார் இலர். இராமேசுவரத்திலிருந்து வந்த ஓர் இசுலாமிய இளைஞர் 1950 முதல் 1954 வரை அங்கே இயற்பியல் பயின்றார். விடுதியில் அவரோடு ஒரே அறையில் தங்கியோர் இருவர். ஒருவர் திருவரங்கத்து ஆசாரமான ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூவரும் மகிழ்ச்சியாகக் காலம் கழித்ததை, பிற்காலத்தில் அவர் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்ந்தார். அவர்தாம் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அவருக்கு ஆங்கிலம் கற்பித்த அருட்தந்தை செக்வேராவே விடுதிக் காப்பாளராகவும் இருந்து, இரவுதோறும் ஒவ்வொரு மாணவனையும் பார்த்துச் சென்றதையும் அதே நூலில் நன்றியோடு குறிப்பிட்டார்.

திருச்சியில் பட்டம் பெற்றபின், சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனத்தில் விமானப் பொறியியல் பயில அவருக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. தமக்கை சோரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். தம் சொந்த உழைப்பில் ஈட்டிய பணத்தைக்கொண்டே அவற்றை மீட்பது என்று தம்பி உறுதி பூண்டார்.

அவருடைய கனவோ விமானப்படையில் விமானியாவது. படிப்பை முடித்து, தேராதூனில் நடந்த தேர்வுக்குச் சென்றார். வந்திருந்தோர் 25 பேர், இடங்கள் 8. அவர் பெற்றது ஒன்பதாம் இடம். ஒரே ஓர் இடத்தில் கனவு கைநழுவியது. மனமுடைந்து இருசிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றுத் திரும்பினார். பின்னர் வேறு பணியில் சேர்ந்தார். அவ்வழியே அவர் சென்று சேர்ந்த இடங்களை நாடு அறியும்.

"இப்போது சொல்லு. அக்காவின் வளையல் அவரிடம் எதிர்பார்த்தது என்ன? விமானி வேலையையா?" என்று கேட்டோம். அவன் பதில் கூறவில்லை; ஆயினும் கேட்டுக்கொண்டிருந்தான். "விமானி ஆகாமலும் வளையலுக்கு ஏற்ப வாழ முடிந்தது. ஒன்பதாவதாக வந்த அன்றைக்கும் அவர் அந்த அக்காவின் தம்பிதான்."

அப்பொழுதுதான் அவன் தலைநிமிர்ந்து ஒன்று சொன்னான். அந்தச் சொல் இன்றும் நம் செவியில் நிற்கிறது.

"நீங்களும்தானே சாமி சொன்னீங்க."

ஆம், நாமும்தான் சொன்னோம். இரண்டாண்டுகளுக்கு முன், மேல்நிலைத் தேர்வில் அவன் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவனைப் பீடத்தருகே அழைத்து நிறுத்தி, தோளில் கைவைத்து, 'நம் பங்கின் முதல் மருத்துவர் இவரே' என்று அறிவித்தோம். மக்கள் கைதட்டினர். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நமக்கும் அது நிறைவாக இருந்தது. ஊக்கமூட்டினோம் என்றே எண்ணினோம். அன்று முதல் கடைத்தெருவில் கண்டவரெல்லாம் அவனை 'டாக்டர்' என்றே அழைத்தனராம். முதல் முயற்சி தவறியபின்னும் அப்படியே அழைத்தனராம். தந்தையின் எதிர்பார்ப்பு ஒரு சுமையென்றால், நாம் ஏற்றிவைத்தது ஊரளவு சுமை.

கோபுரம் கட்ட விரும்புகிறவன், முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கேட்கிறார். முடிக்க இயலாதவனைக் கண்டு ஊரார் நகைப்பர் என்றும் எச்சரிக்கிறார். இவ்வுவமையைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆனால், அடுத்தவர் பிள்ளைமேல் நாம் கட்டத் தொடங்கும் கோபுரத்திற்கும் அக்கணக்கு உண்டு என்று அதுவரை தோன்றவில்லை.

கலாமின் வரலாற்றிலேயே இதற்குரிய பாடமும் இருக்கிறது. 1979 ஆகஸ்டு 10 அன்று, அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி வானில் கிளம்பி, வங்கக் கடலில் விழுந்தது. விண்வெளி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர் முன் தாமே சென்று, தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு, 1980 சூலை 18 அன்று, அதே வகை ஏவூர்தி வெற்றி பெற்றது. அப்போது பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். இதனைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எதிர்பார்க்கிறவனுக்கும் கடமை உண்டு; வெற்றியில் பிள்ளையை முன்னிறுத்துவதுபோலத் தோல்வியில் தான் முன்னே நிற்கவேண்டும். வெற்றியில் முன்னிறுத்தத் தெரிந்த நமக்கு இந்தப் பாதி தெரியவில்லை.

"நான் சொன்னது தப்புதான் தம்பி. வா, வீட்டுக்குப் போகலாம். நானும் வருகிறேன்" என்றோம்.

புறப்படுமுன், திருவரங்கத்துப் பிள்ளை வடக்கே கைகாட்டி, "அதோ, எங்க ராஜகோபுரம் இங்கேர்ந்தே தெரியறதே ஃபாதர்!" என்றான். விளக்கொளியில் தெரிந்தது. அவன் அதனை முழுமையாகவே கண்டு வளர்ந்தவன். நம் வயதினர் அதனை வேறு கோலத்தில் கண்டவர்கள். அதையும் அவர்களுக்குச் சொன்னோம்.

பதினாறாம் நூற்றாண்டில், விசயநகர வேந்தர் அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கிய கோபுரம் அது. அவர் மறைந்தபின் பணி நின்றுபோயிற்று. அதன்பின் 400 ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லால் அமைந்த அடிப்பகுதி மட்டுமே நின்றது. மக்கள் அதனை 'மொட்டைக் கோபுரம்' என்று அழைத்தனர். 1979-இல், அகோபில மடத்தின் 44-ஆம் சீயர் முயற்சியால் பணி மீண்டும் தொடங்கியது. பள்ளிச் சிறுவனாய் இருந்த நாம், ஒவ்வொரு நிலையாக அது எழுவதைக் கண்டிருக்கிறோம். எட்டு ஆண்டுகளில் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்டது. நம் நாட்காட்டியில் அந்நாள் மங்கள வார்த்தைத் திருநாள்.

புதிய நிலைகளெல்லாம் எழுந்தது அந்தப் பழைய அடிப்பகுதியின் மேல்தான். நானூறு ஆண்டுகள் 'மொட்டை' என்று பெயர் வாங்கிய கல், சுமை வந்த அன்று தாங்கி நின்றது. அதனை அமைத்த சிற்பிகள் தங்கள் காலத்துத் திட்டத்தை முடிக்கவில்லை. 'மீட்' கணக்கில் அவர்கள் தோற்றவர்களே. ஆனால் தங்கள் கைத்திறனுக்கேற்ப, வரப்போகும் உயரத்திற்கேற்ப, அடித்தளத்தை இட்டுச் சென்றார்கள். 'லிவ் அப் டு' என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் திருச்சியில் நமக்குத் தெரிந்து இல்லை. பாதியில் நின்றது எல்லாம் பயனற்றது ஆகிவிடாது.

தோழனைத் திருவரங்கப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் பொன்மலைக்குச் சென்றோம்.

தந்தை வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு நாள் முகச்சவரம் செய்யாத முகம். மகன் அருகில் சென்று, தாளை நீட்டினான். நாம் திருத்திக் கொடுத்த, இலக்கணப் பிழையற்ற கடிதம். அவர் வாங்கினார், பிரிக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாடா?" என்றார். பிறகு நம்மைப் பார்த்து, "உள்ள வாங்க சாமி" என்றார்.

தாய் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கையில், அவர் நம்மிடம் பேசினார். "வருத்தம் இல்லேன்னு சொல்லமாட்டேன் சாமி. டாக்டராகணும்னு அவன் கேக்கல. சொன்னது நான். எங்க அப்பா என்னைப் படிக்கவைக்க முடியல. அந்தக் கணக்கை இவன்மேல எழுதிட்டேன்." சற்றுப் பொறுத்து, "போனை அணைச்சுட்டானே, அதுதான் தாங்கல" என்றார்.

திரும்பி வருகையில், ஊதாரி மகனின் உவமை நம் நெஞ்சில் ஓடியது. அவனும் ஒரு கடிதத்தோடுதான் வருகிறான். தாளில் எழுதாத கடிதம். இன்ன இன்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்கிறான். மகன் எனப்படத் தகுதியில்லை என்று சொல்வது முதற்பகுதி. கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி வேண்டுவது இரண்டாம் பகுதி. வீட்டை அடைந்தபின் அவன் முதற்பகுதியை மட்டுமே சொல்வதாக நற்செய்தியில் காண்கிறோம். இரண்டாம் பகுதியைச் சொல்லுமுன் தந்தை பணியாளரை அழைத்து, ஆடை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

இங்கே 'லிவ்' என்னும் வினையின் வேறு இரு தொடர்களையும் வாசகர் அறிந்துகொள்வது நலம். 'லிவ் இட் அப்' என்றால் பொருளைக் கொட்டிக் களியாட்டமாக வாழ்தல். தொலைநாட்டில் அந்த இளைய மகன் செய்தது அது. 'லிவ் டவுன்' என்றால், நேர்ந்த இழுக்கைப் பிறர் மறக்குமளவு நீண்டகாலம் ஒழுங்காக வாழ்ந்து காட்டுதல். கூலியாளாக இருந்து அவன் செய்ய நினைத்தது அது. 'அப்', 'டவுன்' என்பன எதிர்ச்சொற்கள் ஆயினும், 'லிவ் அப் டு', 'லிவ் டவுன்' ஆகியன எதிர்ப்பொருள் தருவன அல்ல. இதனை மாணவர் குறித்துக்கொள்க. 'லிவ் அப் டு' என்பதற்கு எதிராக 'ஃபால் ஷார்ட் ஆஃப்' என்பதை ஆளலாம். உரிய அளவை எட்டாது குறைந்துபோதல் என்பது பொருள். நம்பியவரை ஏமாற்றிவிடுதற்கு 'லெட் டவுன்' என்ற தொடர் உண்டு.

தந்தையோ மகன் எதையும் 'லிவ் டவுன்' செய்யவேண்டும் என்று கேட்கவில்லை. மகன் என்ற பெயரை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெயரைக் கொடுத்தபிறகுதான் பெயருக்கேற்ப வாழ முடியும். நம் வீடுகளில் பல நேரம் வரிசை மாறிவிடுகிறது. 'பெயருக்கேற்ப வாழ்ந்து காட்டு, பிறகு என் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறேன்' என்கிறோம். சொல்லால் இல்லாவிடினும், தேர்வு முடிவு வரும் நாளில் நம் முகத்தால் சொல்கிறோம்.

அந்த மாணவன் இன்று நம் நகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கிறான். மாலையில் பங்குச் சிறுவர் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, கிடைக்கும் பணத்தில் அடகுக் கடைக்கு வட்டி கட்டுகிறான். சங்கிலி இன்னும் வீடு வந்து சேரவில்லை. அவன் தாய் இன்றும் வெறுங்கழுத்தோடுதான் கோயிலுக்கு வருகிறார். ஆனால் மகனோடு வருகிறார். நாம் அவனிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் எந்தப் பிள்ளையின் எதிர்காலத்தையும் பீடத்திலிருந்து அறிவிப்பதில்லை. தேர்ச்சி பெற்றோர் பெயரை வாசிக்கும் ஞாயிறன்று, அவ்வாண்டு தேர்வெழுதிய அனைவர் பெயரையும் வாசித்து அனைவருக்குமாகச் செபிக்கிறோம்.

வழக்கம்போல் வீட்டுப் பயிற்சி ஒன்று. இம்முறை மாணவர்க்கு மட்டுமன்று. பிள்ளைகள் 'லிவ் அப் டு' என்ற தொடரை அமைத்து மூன்று வாக்கியங்கள் எழுதுக. 'அப்', 'டு' இரண்டையும் பிரித்து எழுத மறவற்க. பெற்றோர் ஒரு தாளை இரண்டாக மடித்து, பிள்ளையிடம் தாம் எதிர்பார்ப்பனவற்றுள் 'மீட்' கணக்கில் சேர்வனவற்றை ஒருபுறமும், 'லிவ் அப் டு' கணக்கில் சேர்வனவற்றை மறுபுறமும் எழுதிப் பார்க்க. எப்பக்கம் நீளமாக இருக்கிறது என்பதை எவருக்கும் காட்டவேண்டியதில்லை. இரவுச் செபத்திற்குப்பின் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

அடுத்த திங்கள் 'புட் அப் வித்' என்னும் தொடரைக் காண்போம். பொறுத்துப்போதல் என்பது பொருள். கூட்டுக் குடும்பத்தார்க்கு அதனை விளக்கவேண்டிய தேவை அதிகம் இராது.